பிள்ளைக்காக ஒரு ஞாயிற்றுக்கிழமை

கீழவைப்பார், சிப்பிகுளம், வேம்பார் கரைகளில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் தாய்மாருக்கும் தகப்பன்மாருக்கும்,



விளாத்திகுளம் தொகுதியில் ஓட்டுக் கேட்டு நிற்கிறவர்கள் நம் கரைக்கு வந்தால் என்ன பேசுவார்கள் என்பது உங்களுக்கு மனப்பாடம். தூண்டில் வளைவு, மானிய டீசல், தடைக்கால நிவாரணம். தொகுதியில் பெரும்பகுதி கரிசல் காடு. மிளகாய்க்கும் பருத்திக்கும் பேச வேண்டியதையெல்லாம் பேசி முடித்துவிட்டுக் கடைசியில் கடலோரம் வந்து நாலு வார்த்தை. பள்ளிக்கூடத்தைப் பற்றி அவர்களும் பேசுவதில்லை, நாமும் கேட்பதில்லை.

இனி பேசுவார்கள் என்று நினைக்கிறேன். "உங்கள் பிள்ளை எதைப் படிக்க வேண்டும் என்று அரசாங்கம் ஏன் முடிவு செய்ய வேண்டும்? பெற்றவர்கள் நீங்கள் முடிவு செய்யுங்கள்" என்ற பேச்சுக்கு இப்போது உலகமெங்கும் நல்ல விலை. அமெரிக்காவில் மாநிலச் சட்டமன்றத்துக்கு நிற்கும் பழமைவாத வேட்பாளர்கள் பலருக்கு இதுதான் முதல் வாக்குறுதி. புளோரிடாவில் 2022இல் 'கல்வியில் பெற்றோர் உரிமைகள்' என்ற பெயரிலேயே சட்டம் வந்தது. 2025 ஜூனில் மேரிலாந்தைச் சேர்ந்த முஸ்லிம், கிறிஸ்தவப் பெற்றோர் சிலர், தங்கள் மத நம்பிக்கைக்கு ஒவ்வாத கதைப் புத்தகங்களை நடத்தும்போது பிள்ளையை வெளியே அழைத்துக்கொள்ளும் வழி வேண்டும் என்று போய், அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் தங்கள் பக்கம் தீர்ப்பு வாங்கினார்கள். நம் ஊரில் 2025 மார்ச்சில் பாரதிய ஜனதா கட்சி மும்மொழிக்காக 'சமக்கல்வி எங்கள் உரிமை' என்று கையெழுத்து இயக்கம் நடத்தியது. அதன் வாதமும் இதுதான்: பணம் உள்ள பெற்றோர் மொழியைத் தேர்ந்தெடுக்கிறார், அரசுப் பள்ளிப் பெற்றோருக்கு ஏன் அது இல்லை?

கேட்டால் கைதட்டத் தோன்றும். தட்ட வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. தட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல். பெற்றோருக்கு உரிமை தருகிறேன் என்று யாராவது சொன்னால், அந்த உரிமை கடைசியில் யார் கைக்குப் போகிறது?

இந்த மாநிலத்தில் பெற்றோரை நம்பிக் கல்வித் திட்டம் போட்ட பழமைவாதி ஒருவர் முன்பே இருந்தார். ராஜாஜி என்ற சக்கரவர்த்தி ராஜகோபாலாச்சாரியார். 1953இல் அவர் முதலமைச்சர். கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஐந்து மணி நேரப் படிப்பை மூன்று மணி நேரமாகக் குறைத்தார். பிள்ளைகளை இரண்டு நேரமாகப் பிரித்து, ஒரு பாதி காலையில், மறு பாதி பிற்பகலில் என்று வைத்தார். மிச்ச நேரத்தில் பையன் தகப்பனோடு தொழில் பழகட்டும், பெண்பிள்ளை தாயோடு வீட்டு வேலை பழகட்டும் என்றார். நாட்டில் பள்ளிகள் போதவில்லை, பணமும் இல்லை, இருக்கிற வாத்தியாரையும் கட்டடத்தையும் வைத்து இரண்டு மடங்கு பிள்ளைகளைப் படிக்கவைத்துவிடலாம் என்பது அவர் கணக்கு.

அந்த மனிதரை வெறும் வில்லனாக நிறுத்திவிட எனக்கு மனம் வரவில்லை. தகப்பனின் தொழிலும் ஒரு படிப்பு என்று சொன்ன முதலமைச்சர்கள் குறைவு. நம் பையன்களை எடுத்துக்கொள்ளுங்கள். வாடைக்காற்று எப்போது திரும்பும், நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கிறது, வலையில் கனம் ஏறியது மீனாலா பாசியாலா என்று பன்னிரண்டு வயதில் சொல்லிவிடுவான். அதே பையன் வகுப்பில் பூகோளப் பாடத்தில் தோற்று நிற்பான். அவனுக்குத் தெரிந்த கடலைப் பற்றி ஒரு கேள்விகூட அந்த வகுப்பில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். இந்த அவமானம் ராஜாஜிக்குப் புரிந்திருந்தது என்றே நினைக்கிறேன்.

ஆனால் அவர் சொன்னதை நம் கரையில் வைத்துப் பாருங்கள். 1953இல் ஐந்து வயதில் ஒன்றாம் வகுப்புக்குப் போன பையன் ஒருவன். தகப்பன் முத்துக் குளியாள். பையன் பாதி நாள் பள்ளியிலும் பாதி நாள் தகப்பனோடு கடலிலும் பழகுகிறான் என்று வையுங்கள். 1955இல் தூத்துக்குடியில் முத்துச் சலாபம் மறுபடி தொடங்கியது. 1961இல் கடைசியாக நடந்தது. அதற்குப் பிறகு இன்றுவரை இல்லை. அந்தப் பையனுக்கு 1961இல் பதின்மூன்று வயது. பல நூற்றாண்டுகளாக இந்தக் கரையைக் காப்பாற்றிய தொழில், அவனுக்கு மீசை முளைக்கும் முன்பே முடிந்துபோனது. முத்து போனால் சங்கு என்றோம். மூச்சடக்கிக் குளித்த காலம் போய், கம்ப்ரஸர் குழாயைப் பல்லில் கடித்துக்கொண்டு இறங்கும் காலம் வந்தது. மேலே மோட்டார் நின்றால் கீழே மூச்சு நிற்கும். கடல் அட்டையை 2001இல் தடை செய்தார்கள். தீவுகளைச் சுற்றிய கடல் 1986இலேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. தகப்பன் கையில் இருக்கும் தொழில் மகன் கைக்கு வரும்போது மிஞ்சியிருக்கும் என்று இந்தக் கரையில் யாரால் எழுதிக் கொடுக்க முடியும்?

இதைவிடப் பெரிய கோளாறு ஒன்று உண்டு. தகப்பனை வாத்தியாராக ஆக்கிய அந்தத் திட்டத்தைப் பற்றித் தகப்பனிடம் யாரும் கேட்கவில்லை. ராஜாஜி 1952இல் ஓட்டு வாங்கி வந்தவரும் அல்லர். ஆளுநர் நியமனத்தில் மேலவை உறுப்பினராகி முதலமைச்சர் ஆனவர். பெரியார் அதைக் குலக்கல்வி என்றார், திராவிட இயக்கம் தெருவுக்கு வந்தது. 1953 ஜூலையில் சட்டமன்றத்தில் ஓட்டெடுப்பு 138க்கு 138 என்று சமமாக நின்றது. அடுத்த ஏப்ரலில் ராஜாஜி போய்க் காமராஜர் வந்தார். 1954 மே மாதம் திட்டம் கைவிடப்பட்டது. நம் பக்கத்து எட்டயபுரத்தில் காமராஜர் மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கியது அதற்குப் பிந்திய கதை. பசி தீர்ந்தால் பிள்ளையை அனுப்புவார்கள் என்று அவர் நம்பினார், அனுப்பினார்கள். எதிர்த்தவர்கள் ஜெயித்தது நமக்கு நல்லது. ஆனாலும் அந்த ஒரு வருடச் சண்டையில் ஒரு மீன்காரத் தாய்க்கோ தகப்பனுக்கோ மேடையில் நின்று பேச வாய்ப்புக் கிடைத்ததா என்று யோசித்துப் பாருங்கள். இரண்டு பக்கமும் நம் பேரைச் சொல்லித்தான் பேசினார்கள்.

அடுத்த சண்டை கேரளத்தில். 1957இல் நம்பூதிரிபாட் அரசின் கல்வி அமைச்சர் ஜோசப் முண்டசேரி ஒரு கல்வி மசோதா கொண்டுவந்தார். உதவிபெறும் பள்ளிகளில் வாத்தியார் நியமனத்தையும் சம்பளத்தையும் அரசு ஒழுங்குபடுத்தும், நிர்வாகம் சரியில்லாவிட்டால் பள்ளியை எடுத்துக்கொள்ளும் என்றது மசோதா. திருச்சபையும் நாயர் சங்கமும் எதிர்த்து எழுந்தன. 1959 ஜூலை 3ஆம் தேதி, திருவனந்தபுரத்துக் கடற்கரையான செறியதுறையில் போலீஸ் சுட்டதில் ஃப்ளோரி என்ற கர்ப்பிணி மீனவப் பெண் செத்தாள். அந்த மாதக் கடைசியில் அரசு கலைக்கப்பட்டது. பள்ளியை ஆள்வது அரசா, நிர்வாகமா என்பதுதான் அங்கே வழக்கு. ஃப்ளோரியைப் போன்ற தாய்மாருக்கு வகுப்பறையில் என்ன இடம் என்று அந்தப் பக்கமும் கேட்கவில்லை, இந்தப் பக்கமும் கேட்கவில்லை. கடற்கரைப் பெண்ணின் உயிர் மட்டும் போனது.

இதை இவ்வளவு விரித்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நம் கரையில் பள்ளிக்கூடம் என்பதே கோயிலோடு வந்தது. சவேரியார் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிய கரை இது. அரசாங்கம் எட்டிப் பார்க்காத காலத்தில் சாமியார்களும் கன்னியர்களும் கூரை போட்டு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். அந்த நன்றியை நான் மறக்கவில்லை, நீங்களும் மறக்க வேண்டாம். அதனால்தான் இன்றும் கடற்கரை ஊர்கள் பலவற்றில் பள்ளி என்றால் ஆர்.சி. பள்ளி. வாத்தியார் சம்பளம் அரசாங்கத்தின் பணம், நிர்வாகம் மறைமாவட்டத்தின் கையில்.

இப்போது சட்டத்துக்கு வருகிறேன். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று வேண்டும், அதில் நாலில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள் என்கிறது. பள்ளி ஒழுங்காக நடக்கிறதா, வந்த பணம் எங்கே போனது என்று பார்ப்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தைத் தயாரிப்பதும் அந்தக் குழுவின் வேலை. 2022இல் தமிழ்நாடு அரசுப் பள்ளிகளில் இந்தக் குழுக்களைப் புதிதாக அமைத்தபோது இருபது பேரில் பதினைந்து பேர் பெற்றோர். தலைவர் ஒரு தாய். மேடையில் யாரும் வாக்குத் தராமலேயே உங்கள் கைக்கு வந்துவிட்ட பெற்றோர் உரிமை இதுதான்.

சிறுபான்மைப் பள்ளி என்றால் கதை வேறு. 2012இல் வந்த திருத்தம், அங்கே இந்தக் குழு ஆலோசனை மட்டும் சொல்லலாம் என்றது. 2014 மே மாதம் பிரமதி வழக்கில் உச்ச நீதிமன்றம், உதவி பெற்றாலும் பெறாவிட்டாலும் சிறுபான்மைப் பள்ளிகளுக்கு இந்தச் சட்டமே பொருந்தாது என்றுவிட்டது. 2025 செப்டம்பர் 1ஆம் தேதி இன்னொரு அமர்வு, அந்தத் தீர்ப்பு சரிதானா என்று சந்தேகப்பட்டுப் பெரிய அமர்வு பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறது.

அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு பள்ளி நிறுவி நடத்தும் உரிமையைச் சிறுபான்மையினருக்குக் கொடுக்கிறது. யார் அந்தச் சிறுபான்மையினர்? ஞாயிற்றுக்கிழமை பூசையில் நெருக்கியடித்து நிற்கும் நீங்கள்தானே! கோயில் கட்ட மீன்பாட்டில் பங்கு கொடுத்தவர்கள் நீங்கள், பள்ளிக் கட்டடத்துக்கு மண் சுமந்தவர்கள் உங்கள் பாட்டன் பூட்டன். அந்த உரிமை ஆயர் இல்லத்துக்குத் தனியாக எழுதிக் கொடுத்த பட்டா அல்ல. வழக்கு மன்றத்தில் சிறுபான்மை என்று பேசும்போது நாம் எண்ணிக்கையில் வருகிறோம், பள்ளிக் கணக்கைப் பார்க்கும்போது மட்டும் வெளியே நிற்கிறோம். இந்த நியாயம் எனக்குப் பிடிபடவில்லை.

சட்டம் பொருந்தும் அரசுப் பள்ளியில் மட்டும் எல்லாம் சரியா? நான் ஒரு பள்ளியின் குழுவில் இருந்தவள். எந்தப் பள்ளி என்பது வேண்டாம். கூட்டம் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை மாலை. நம் ஊரில் அது என்ன நேரம் என்று உங்களுக்கே தெரியும். வள்ளம் கரை பிடிக்கும், ஏலம் நடக்கும், பெண்கள் மீன் பிரித்துக்கொண்டோ நண்டு கழித்துக்கொண்டோ இருப்பார்கள். யாரும் வரவில்லை. மறுநாள் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் தீர்மான நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக வந்தான். "அத்தை, டீச்சர் கையெழுத்து வாங்கிட்டு வரச் சொன்னாங்க." பக்கத்து வீட்டு மைனி கையில் ஒட்டியிருந்த செதிலைச் சேலையில் துடைத்துவிட்டு, அவன் விரல் வைத்துக் காட்டிய கோட்டில் பேரை எழுதினாள். மேலே பக்கம் காலியாக இருந்தது. தீர்மானத்தைப் பிறகு எழுதிக்கொள்வார்களாம். நோட்டில் பார்த்தால் முழு வருகை. கேட்டால், மேலே அறிக்கை அனுப்ப வேண்டும், நீங்கள் வராவிட்டால் நாங்கள் என்ன செய்ய என்பார்கள். அதுவும் பொய்யில்லை.

இந்த நிலையில் ஒருவர் வந்து, "இந்தி வேண்டுமா வேண்டாமா, நீங்களே முடிவு செய்யுங்கள்" என்கிறார். அவர் கேள்வியில் ஒரு நியாயம் இருக்கிறது, தள்ளிவிட மாட்டேன். ஆனால் தேர்வு என்பது வாத்தியார் இருக்கும் பள்ளியில் செய்வது. ஐந்து வகுப்புக்கு இரண்டு டீச்சர் இருக்கும் பள்ளியில் மூன்றாவது மொழியை யார் நடத்துவார்? அங்கே பிள்ளையைப் படிக்கவைக்கும் தாயிடம் உண்மையாகவே கேட்டிருந்தால், முதலில் கணக்குக்கு ஆள் போடுங்கள் என்றிருப்பாள். ஒன்றிய அரசின் பி.எம்.ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தில் தமிழ்நாடு கையெழுத்துப் போடவில்லை என்று 2024–25க்கான 2,152 கோடி ரூபாயை ஒன்றிய அரசு தராமல் நிறுத்தியது. போட மாட்டோம் என்று மாநில அரசு நின்றது. கொள்கைக்காக நிற்பதை நான் மதிக்கிறேன். அந்த இழுபறியில் தனியார் பள்ளிகளின் 25 சதவீத இலவசச் சேர்க்கை 2025இல் மாதக்கணக்கில் தள்ளிப்போனது. கையெழுத்துப் போடலாமா வேண்டாமா என்று எந்த மேலாண்மைக் குழுவிடமும் இரண்டு அரசுகளும் கேட்கவில்லை. பெற்றோர் உரிமை பேசுகிற கட்சியும் கேட்கவில்லை, சமூக நீதி பேசுகிற கட்சியும் கேட்கவில்லை.

மொழிச் சண்டையில் யாரும் பேசாத ஒன்று இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை பிள்ளையைப் பள்ளியிலிருந்து நீக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தடுக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் அந்தப் பாதுகாப்பு முடிகிறது. பத்தாம் வகுப்பில் நூறு சதவீதம் காட்ட ஆசைப்படும் பள்ளிகள் ஒன்பதாம் வகுப்பிலேயே கழிக்கத் தொடங்கும். "உங்க பையன் தேற மாட்டான், டி.சி. வாங்கிக்கோங்க, வேற பள்ளியில சேருங்க." வேறு பள்ளிக்கு எத்தனை பேர் போனார்கள்? அடுத்த வாரம் தொழிலுக்குப் போவான். 1953இல் அரசாணை போட்டுச் செய்ய முடியாததை ஒரு டி.சி. தாள் சத்தமில்லாமல் செய்துவிடுகிறது. அந்தத் தாளில் பெற்றோர் விருப்பத்தின் பேரில் என்று ஒரு வரி இருக்கும். பெற்றோர் விருப்பம் என்பது பள்ளிகளுக்கு எப்போது நினைவுக்கு வருகிறது பாருங்கள்.

படித்த ஆட்கள் பார்த்துக்கொள்ளட்டும், நமக்கென்ன தெரியும் என்று சொல்லாதீர்கள். வலைக்கு என்ன விலை, ஐஸுக்கு என்ன விலை, ஏலத்தில் கமிஷன் எவ்வளவு பிடித்தான் என்று காசு கணக்கில் கேட்கிறவர்கள் நீங்கள். ஊர்க் கமிட்டியில் திருவிழாக் கணக்கு வாசிக்கும்போது பத்து ரூபாய் இடித்தால் எழுந்து நிற்கிறவர்கள். பள்ளி மானியக் கணக்கு அதைவிடக் கடினமில்லை. பன்னிரண்டு மாதம், பத்துப் பதினைந்து வரி. ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் பிடிபட்டுவிடும்.

நான் கேட்பது பெரிதல்ல. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தை நம் கரையில் மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை நம் வள்ளங்கள் கடலுக்குப் போவதில்லை. பூசை முடிந்ததும் ஒரு மணி நேரம் போதும். தகப்பன்மாரும் வர வேண்டும். இதுவரை குழு என்றால் தாய்மார் வேலை என்று வலை பின்னப் போய்விடுகிறீர்கள், அது சரியில்லை. டீச்சர்களுக்கு ஞாயிறு விடுமுறை, அவர்களை இழுப்பது நியாயமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அந்த ஒரு நாளுக்கு ஈடாக வேறொரு நாள் விடுப்புக் கொடுக்கச் சொல்லி அதையும் மனுவிலேயே எழுதலாம். வட்டாரக் கல்வி அலுவலருக்கு ஒரு மனு, ஆட்சியருக்கு அதன் நகல். குழுத் தலைவராக இருக்கும் தாய்மார் முதலில் கையெழுத்துப் போடட்டும்.

ஆர்.சி. பள்ளியில் பிள்ளை படிக்கிறதென்றால் நீங்கள் போக வேண்டியது பங்குச் சாமியாரிடம். சட்டம் கட்டாயப்படுத்தவில்லைதான், தடுக்கவும் இல்லை. அரசுப் பள்ளியில் இருப்பதைப் போலவே நாலில் மூன்று பங்கு பெற்றோரோடு ஒரு குழு, எத்தனை வாத்தியார் பணியிடம் காலி, வந்த பணம் எவ்வளவு, செலவு எவ்வளவு என்று கோயில் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள், ஒன்பதாம் வகுப்பில் யாருக்கு டி.சி. கொடுப்பதென்றாலும் முதலில் அந்தக் குழுவில் பேச்சு. பங்குப் பேரவையில் கோயில் கணக்கை விசுவாசிகளிடம் சொல்லும் திருச்சபை, பள்ளிக் கணக்கைப் பெற்றோரிடம் சொல்வதில் என்ன இழுக்கு? மரியாதையாகக் கேளுங்கள். தனியாகப் போகாமல் பத்துக் குடும்பமாகப் போங்கள்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், பெற்றோர் உரிமை என்று தொடங்கினால் அங்கேயே நிறுத்தி இதைக் கேளுங்கள்: எங்கள் குழுக் கூட்டத்தை ஞாயிற்றுக்கிழமை வைக்க, கல்வி உரிமைச் சட்டத்துக்கான தமிழ்நாட்டின் 2011ஆம் ஆண்டு விதிகளில் ஒரு வரி சேர்க்கச் சட்டமன்றத்தில் பேசுவீர்களா? உதவிபெறும் பள்ளிகள் பெற்றோர் குழுவோடு நடக்க வேண்டும் என்று, எந்த மதத்து நிர்வாகமானாலும், மானிய நிபந்தனையில் சேர்க்கச் சொல்வீர்களா? ஆயரை எதிர்த்துப் பேச முடியாது என்று நழுவினாலோ, அதெல்லாம் மத்தியில் பார்த்துக்கொள்வார்கள் என்றாலோ, அவர் தர வந்த உரிமை எப்படிப்பட்டது என்று உங்களுக்கே விளங்கிவிடும். தூண்டில் வளைவை அதற்குப் பிறகு கேட்கலாம்.

மனுவின் வாசகத்தை எழுதி வைத்திருக்கிறேன். வருகிற ஞாயிறு இரண்டாம் பூசை முடிந்ததும் கோயில் வளாகத்தில் வாசித்துக் காட்டுகிறேன். மாற்ற வேண்டிய இடத்தைச் சொல்லுங்கள், அங்கேயே மாற்றிவிடுவோம். வேம்பாரிலிருந்தும் சிப்பிகுளத்திலிருந்தும் ஊருக்கு இரண்டு பேராவது வந்தால், மூன்று ஊர்ப் பேரிலும் ஒரே மனுவாகக் கொடுக்கலாம்.

அன்புடன்,
உங்களில் ஒருத்தி
கீழவைப்பார்